தண்ணீரால் விளக்கெரித்த விசுவேசுவரய்யா

போளூரில் நின்று மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். அந்த மலையில்தான் செய்யாறு பிறக்கிறது. செங்கம், கலசபாக்கம் பக்கமாக இறங்கி, வழியில் உள்ள ஏரிகளுக்கெல்லாம் நீர் கொடுத்து, கிழக்கே ஓடிப் பாலாற்றில் கலக்கிறது.

பாலாறு எங்கே பிறக்கிறது? கர்நாடகத்தில் உள்ள நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கிறது. சாத்தனூர் அணையை நிரப்பும் தென்பெண்ணையும் அந்த மலைப் பக்கத்தில்தான் பிறக்கிறது. வட ஆர்க்காட்டுச் சீமைக்குத் தண்ணீர் அனுப்பும் மலை என்றே அதைச் சொல்லலாம்.

அந்த நந்தி மலைக்கு அருகில் முத்தனஹள்ளி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1860-களின் தொடக்கத்தில், செப்டம்பர் மாதம் 15-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தண்ணீரைத் தேக்குவது எப்படி, பங்கிடுவது எப்படி, அதிலிருந்து புகையில்லாத மின்சாரம் எடுப்பது எப்படி என்று நாட்டுக்கே காட்டியவர் அந்தக் குழந்தைதான். அவர் பெயர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

ஏழை மாணவன்

தகப்பனார் சீனிவாச சாஸ்திரி வடமொழி கற்றவர். தாயார் வெங்கடலட்சுமி அம்மாள். முன்னோர் ஆந்திர நாட்டு மோட்சகுண்டம் என்ற ஊரிலிருந்து வந்தவர்கள். வீட்டில் படிப்பு இருந்தது, பணம் இல்லை. பையன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தகப்பனார் காலமானார்.

பெங்களூரில் தாய்மாமன் இருந்தார். அவர் ஆதரவில் விசுவேசுவரய்யா அங்கே போய்ச் சேர்ந்தார். சென்ட்ரல் கல்லூரியில் இடம் கிடைத்தது. சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் என்ன செய்வது? ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த வருமானத்தில் தம் படிப்பை நடத்தினார். 1881-ம் ஆண்டில் பி.ஏ. தேறினார். அந்நாளில் மைசூர்ச் சீமைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவை. ஆகவே அவர் பெற்றது சென்னைப் பல்கலைக் கழகப் பட்டம்.

எஞ்ஜினீயர் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குப் பூனாவுக்குப் போகவேண்டும். கையில் காசு இல்லை. மைசூர் சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுத்தது. அந்தப் பணத்தில் பூனா அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். 1883-ம் ஆண்டு எஞ்ஜினீயர் பரீட்சையில் முதல்வராகத் தேறினார். பரிசும் பெற்றார்.

ஊர்ப் பொதுப் பணம் இல்லாவிட்டால் இந்தப் பையன் எஞ்ஜினீயர் ஆகியிருக்க முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கதையின் பின்பகுதியில் இது மறுபடியும் வரும்.

மணலே வடிகட்டி

1884-ம் ஆண்டில் பம்பாய் மாகாண மராமத்து இலாகாவில் உதவி எஞ்ஜினீயராக வேலை கிடைத்தது. கந்தேஷ் பகுதியில் ஓர் ஆற்றின் அடியில் குழாய் வைத்து மறுகரைக்குத் தண்ணீர் கொண்டுபோவது முதல் வேலைகளில் ஒன்று. மழைக்காலம் குறுக்கிட்டது. ஆற்று மணல் வந்து மூடியது. இளைஞர் தளராமல் வேலையை முடித்துக் கொடுத்தார்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அவரைச் சிந்து நதிக்கரையில் உள்ள சுக்கூருக்கு அனுப்பினார்கள். அது இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. ஆறு நிறையத் தண்ணீர் ஓடியது. ஆனால் அது கலங்கல் தண்ணீர். குடிக்க உதவாது. வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகரசபையிடம் பணம் இல்லை.

விசுவேசுவரய்யா ஆற்றின் படுகையிலேயே வட்டமாக ஒரு கிணறு வெட்டச் சொன்னார். ஆற்று நீர் மணலில் ஊறிக் கிணற்றுக்குள் வரும். மணலே அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். கிணற்றில் தெளிந்த தண்ணீர் நிற்கும். கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பும் நம் ஊர்ப் பெண்களுக்கு இந்த வித்தை தெரியும். அதையே ஒரு நகரத்துக்குப் போதுமான அளவில் செய்தார் அந்த எஞ்ஜினீயர்.

ஏரிக் கோடியில் ஒரு யந்திரம்

ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் கலங்கல் வழியாகப் போய்விடும். ஏரி கோடி போகிறது என்று ஊரார் சொல்வார்கள். மழை முடியும் சமயத்தில் கலங்கலின் மேல் பலகையோ மண்ணோ வைத்து இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்குவது பழைய வழக்கம். ஆனால் திடீரென்று வெள்ளம் வந்தால் அதை உடனே எடுக்கவேண்டும். எடுக்கத் தவறினால் கரை உடையும்.

பூனாவுக்கு அருகில் கடக்வாஸ்லா என்னும் இடத்தில் ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கேயும் இதே தொல்லை. அணையை உயர்த்திக் கட்டப் பெரும் செலவாகும். விசுவேசுவரய்யா தாமே திறந்து தாமே மூடும் கதவுகளைச் செய்தார். 1903-ம் ஆண்டில் அவற்றைப் பொருத்தினார்கள். நீர் ஓர் அளவுக்குமேல் ஏறினால் கதவு தானே திறக்கும். அளவு குறைந்தால் தானே மூடிக்கொள்ளும். ஆள் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், நெருப்பு வேண்டாம். நீரின் பாரமே அதை இயக்கும். அணையை உயர்த்தாமலே கூடுதலாகச் சில அடித் தண்ணீர் நின்றது. பின்னால் குவாலியர் சீமையில் ஓர் அணையிலும், மைசூரில் கிருஷ்ணராஜ சாகரத்திலும் இந்தக் கதவுகளை வைத்தார்கள்.

முறைத் தண்ணீர்

தேக்கினால் மட்டும் போதுமா? பங்கிட வேண்டாமா?

பம்பாய் மாகாணத்தில் கால்வாய்ப் பாசனம் இருந்தது. தலைமடையில் இருந்தவர்கள் ஆண்டு முழுவதும் கரும்பு பயிரிட்டார்கள். அளவில்லாமல் தண்ணீர் பாய்ச்சினார்கள். நிலம் ஊறிச் சேறாயிற்று. கொசு பெருகியது. கடைமடையிலோ வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

1899-ம் ஆண்டில் விசுவேசுவரய்யா ஒரு புது ஏற்பாடு சொன்னார். கால்வாய் ஓரத்து நிலங்களைப் பகுதி பகுதியாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் கரும்பு போன்ற நீர் குடிக்கும் பயிர். இன்னொரு பங்கில் அதைவிடக் குறைந்த நீரில் விளையும் பயிர். மற்றொரு பங்கில் புன்செய்ப் பயிர். அடுத்த ஆண்டு இந்த வரிசை மாறும். இப்படித் தண்ணீர் பல கிராமங்களுக்கும் போகும். மண்ணும் இளைப்பாறும்.

உழவர்கள் முதலில் ஐயப்பட்டார்கள். தங்கள் உரிமை போய்விடுமோ என்று அஞ்சினார்கள். அவர் ஊர் ஊராகச் சென்று எடுத்துச் சொன்னார். மெல்ல மெல்ல அந்த முறை பரவியது. ஒருவன் வயல் நிரம்பி வழிய மற்றவன் வயல் வெடித்துக் கிடப்பது கூடாது. இதுவே அந்த ஏற்பாட்டின் உயிர்.

மூசி ஆற்றின் சீற்றம்

தலைமை எஞ்ஜினீயர் பதவி அந்நாளில் இந்தியருக்கு எட்டாக் கனியாக இருந்தது. 1908-ம் ஆண்டில் விசுவேசுவரய்யா பம்பாய் உத்தியோகத்தை விட்டு விலகினார். பல நாடுகளைப் பார்த்துவரப் புறப்பட்டார்.

அதே ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி ஐதராபாத் நகரில் மூசி ஆறு பெருக்கெடுத்தது. ஒரே நாளில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். வீடுகள் வரிசை வரிசையாகச் சரிந்தன. நைஜாம் சர்க்கார் விசுவேசுவரய்யாவை அழைத்தது.

நகரத்துக்கு மேலே இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டி வெள்ளத்தை அங்கேயே நிறுத்திவிடலாம் என்று அவர் திட்டம் கொடுத்தார். 1920-ல் உஸ்மான் சாகரும், 1927-ல் ஹிமாயத் சாகரும் கட்டி முடிந்தன. ஊரை அழித்த அதே தண்ணீரை ஊரார் குடித்தார்கள்.

விறகு இல்லாத நெருப்பு

திருவாரூரில் நமிநந்தி அடிகள் தண்ணீரை வார்த்து விளக்கெரித்தார் என்பது பெரிய புராணக் கதை. அது பக்தியின் அற்புதம். மைசூரில் எஞ்ஜினீயர்கள் தண்ணீரால் விளக்கெரித்தது அறிவின் அற்புதம்.

காவிரி சிவசமுத்திரத்தில் மலையிலிருந்து அருவியாக விழுகிறது. விழும் நீர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் மின்சார யந்திரத்தைச் சுற்றும். திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் இந்த வேலை தொடங்கியது. அவர் 1901-ல் காலமானார். அடுத்த ஆண்டு 1902-ல் மின்சாரம் ஓடத் தொடங்கியது. சுமார் 90 மைல் தூரம் கம்பி இழுத்து அதைக் கோலார் தங்க வயலுக்குக் கொண்டு போனார்கள். அவ்வளவு தூரம் மின்சாரம் கொண்டுபோவது அந்நாளில் உலகத்துக்கே புதுமை. 1905-ல் பெங்களூர் வீதிகளிலும் மின்சார விளக்கு எரிந்தது.

கோலார் தங்க வயலில் வேலை செய்தவர்கள் யார்? பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆர்க்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் அங்கே ஏராளம். பூமிக்குள் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் அவர்கள் பாறையை உடைத்தார்கள். அவர்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றும் கூண்டு, சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்கும் யந்திரம் இவற்றுக்கெல்லாம் சக்தி வேண்டும்.

ஆனால் ஒரு குறை இருந்தது. மழைக்காலத்தில் காவிரி பொங்கும். கோடையில் மெலியும். ஆறு மெலிந்தால் மின்சாரமும் மெலியும். சுரங்கத்துக்கோ ஆண்டு முழுவதும் ஒரே அளவு மின்சாரம் தேவை. மிகுந்த நாளில் சேர்த்து வைத்து, குறைந்த நாளில் கொடுக்க ஒரு களஞ்சியம் வேண்டும்.

1909-ம் ஆண்டு நவம்பரில் விசுவேசுவரய்யா மைசூர் சமஸ்தானத்தின் தலைமை எஞ்ஜினீயர் ஆனார். அந்தக் களஞ்சியத்தைக் கட்டும் வேலையைக் கையில் எடுத்தார்.

கண்ணம்பாடி

மைசூருக்கு அருகில் கண்ணம்பாடி என்ற ஊர். அங்கே காவிரியின் குறுக்கே அணை கட்டலாம் என்று அவர் திட்டம் போட்டார். ஓர் அணை; இரண்டு பயன். அதில் தேங்கும் நீர் கோடையில் சிவசமுத்திரத்துக்குப் போய் மின்சாரம் தரும். மண்டியாப் பக்கத்தில் வறண்ட நிலத்துக்கும் பாயும். செலவைக் கண்டு சமஸ்தானத்தில் பலர் தயங்கினார்கள். விசுவேசுவரய்யா விடவில்லை. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் சம்மதம் கொடுத்தார். 1911-ம் ஆண்டு நவம்பரில் வேலை தொடங்கியது.

சென்னை மாகாணம் எதிர்த்தது. அதில் நியாயம் இருந்தது. காவிரியை நம்பித் தஞ்சைச் சீமையில் இலட்சக்கணக்கான உழவர்கள் இருந்தார்கள். மேலே தண்ணீரை மறித்தால் கீழே நெற்பயிர் என்னவாகும்? மைசூர் கேட்டது சுமார் 41 டி.எம்.சி. நீர். சென்னை ஒப்புக்கொண்டது 11 டி.எம்.சி. மட்டுமே. மைசூரோ உயரமான அணைக்கு ஏற்ற அகலத்திலேயே அஸ்திவாரம் போட்டது. வழக்கு மத்தியஸ்தரிடம் போயிற்று. 1914-ல் தீர்ப்பு வந்தது. சென்னை அதை ஏற்காமல் மேல்முறையீடு செய்தது.

கடைசியில் 1924-ம் ஆண்டு பிப்ரவரியில் இரண்டு சர்க்கார்களும் உடன்படிக்கை செய்துகொண்டன. மைசூர் தன் அணையை முழு உயரத்துக்குக் கட்டலாம். சென்னை மேட்டூரில் அணை கட்டலாம். 1925-ல் மேட்டூர் வேலை தொடங்கி 1934-ல் முடிந்தது. அங்கேயும் நீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அது தமிழ்நாட்டின் ஊர்களுக்கு ஒளி கொடுத்தது.

கண்ணம்பாடி அணைக்கு மகாராஜாவின் பெயரால் கிருஷ்ணராஜ சாகரம் என்று பெயர் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் அது முழுமை பெற்றது. நீளம் ஒன்றரை மைலுக்கு மேல். சிமெண்டு அருமையாக இருந்த காலம். ஆகவே சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கிச் சாந்தால் கருங்கல்லைக் கட்டினார்கள். பல எஞ்ஜினீயர்களும் ஆயிரக்கணக்கான கூலி ஆட்களும் இருபது ஆண்டு உழைத்த உழைப்பு அது. மழைக்காலம் வந்தால் பத்திரிகைகளில் அந்த அணையின் நீர்மட்டம் தவறாமல் வருகிறது. முழு அளவு 124.80 அடி. தமிழ்நாட்டு உழவர்கள் அந்த எண்ணை இன்றும் ஆவலோடு பார்க்கிறார்கள்.

காவிரி வழக்கு அதோடு முடியவில்லை. 1974-க்குப் பிறகு மறுபடியும் மூண்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது.

நீருக்குள் போன ஊர்கள்

அணை கட்டினால் ஊர்கள் மூழ்கும். கண்ணம்பாடி ஊரே மூழ்கியது. அதைச் சுற்றியிருந்த பல கிராமங்களும் மூழ்கின. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை விட்டு மக்கள் மூட்டை கட்டினார்கள். மாற்று இடம் கிடைத்தது. ஆனால் பிறந்த வீட்டுத் திண்ணைக்கு மாற்று ஏது?

அங்கே ஒரு பழைய வேணுகோபால சுவாமி கோயிலும் நீருக்குள் போயிற்று. கடும் கோடையில் நீர் வற்றும்போது கோயில் வெளியே தெரியும். மழை வந்தால் மறையும். பின்னாளில் அதன் கற்களைப் பெயர்த்து எடுத்து மேட்டில் மறுபடியும் கட்டிவிட்டார்கள்.

மின்சாரத்துக்குப் புகை இல்லை என்பது உண்மை. அதற்கு விலை இல்லை என்று சொல்ல முடியாது. மண்டியாவில் கரும்பு விளைந்தது. கோலாரில் கூண்டு நிற்காமல் ஏறி இறங்கியது. அந்த நன்மைக்குக் கண்ணம்பாடிக் குடிகள் தங்கள் மண்ணைக் கொடுத்தார்கள்.

கல்லூரி கண்டவர்

1912-ம் ஆண்டு நவம்பரில் விசுவேசுவரய்யா மைசூர் திவான் ஆனார். பதவி ஏற்குமுன் தம் உறவினர் யாரும் சிபாரிசு கேட்டு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்று மைசூரில் சொல்வார்கள்.

அவர் கவனம் முதலில் படிப்பில் சென்றது. 1913-ல் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஹெப்பாலில் விவசாயப் பள்ளி திறந்தார்கள். மைசூர் பாங்கும் அந்த ஆண்டில்தான் பிறந்தது. 1916-ல் மைசூர்ப் பல்கலைக் கழகம் தோன்றியது. சென்னைக்குப் பரீட்சை எழுதிக் கொண்டிருந்த கல்லூரிகள் சொந்தப் பல்கலைக் கழகம் பெற்றன.

1917-ல் பெங்களூரில் எஞ்ஜினீயரிங் கல்லூரி திறந்தது. அதற்குமுன் எஞ்ஜினீயர் ஆக விரும்பும் மைசூர்ப் பையன் சென்னைக்கோ பூனாவுக்கோ போகவேண்டும். உபகாரச் சம்பளம் கிடைக்காவிட்டால் ஆசையை விடவேண்டும். விசுவேசுவரய்யா தாம் பட்ட கஷ்டத்தை அடுத்த பையன் படாமல் செய்தார். அந்தக் கல்லூரி இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முதல் உலக யுத்தம் வந்தது. மைசூர்ச் சந்தனக் கட்டை ஜெர்மனிக்குப் போய் எண்ணெயாகிக் கொண்டிருந்தது. யுத்தத்தால் கப்பல் நின்றது. கட்டை குவிந்து கிடந்தது. எண்ணெயை இங்கேயே எடுப்போம் என்று 1916-ல் பெங்களூரில் சந்தன எண்ணெய் ஆலை தொடங்கினார்கள். சந்தன சோப்பு அதன் தொடர்ச்சியாக வந்தது. சந்தன மரத்தின் மதிப்பு ஜவ்வாது மலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ராஜினாமா

மைசூர் சர்க்கார் உத்தியோகங்களில் பெரும்பகுதி பிராமணர் கையில் இருந்தது. மற்ற வகுப்பார் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள். சென்னையில் நீதிக் கட்சி எழுந்த காலம் அது. மைசூரிலும் அந்தக் குரல் ஒலித்தது. 1918-ல் மகாராஜா இதை விசாரிக்க நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தார்.

விசுவேசுவரய்யா இதற்கு இசையவில்லை. அவரும் பிராமணர். ஆனாலும் தம் சாதிக்காக அவர் வாதாடினார் என்று சொல்வது சரியாகாது. திறமை ஒன்றையே பார்க்கவேண்டும் என்பது அவர் கொள்கை. எல்லோருக்கும் கல்வி கொடுத்தால் காலப்போக்கில் எல்லோரும் உயர்வார்கள் என்று நம்பினார். 1918-ம் ஆண்டு இறுதியில் திவான் பதவியை ராஜினாமா செய்தார்.

பதவியைத் துச்சமாக எண்ணி விலகியது பெரிய குணம். ஆனால் அவர் சொன்னது முழுவதும் சரிதானா? அவருடைய வாழ்க்கையே அதற்கு வேறு பதில் சொல்கிறது. உபகாரச் சம்பளம் வந்ததால்தான் அவர் திறமை வெளியே தெரிந்தது. கைகொடுப்பார் இல்லாமல் எத்தனை திறமைகள் கிராமத்திலேயே மங்கிப் போயிருக்கும்! தலைமடைக்காரர் எல்லா நீரையும் எடுத்தால் கடைமடை காயும் என்பதை வாய்க்காலில் கண்டவர் அவர். வாய்க்காலில் முறை வைத்தவர் உத்தியோகத்தில் முறை வைக்க ஒப்பவில்லை. மில்லர் கமிட்டியின் வழியையே சமஸ்தானம் பிறகு பின்பற்றியது. நாடும் பின்னால் அந்த வழியில்தான் வந்தது.

பத்ராவதி

பதவி போனாலும் வேலை போகவில்லை. பத்ராவதியில் சமஸ்தானத்தின் இரும்பு ஆலை நஷ்டத்தில் தள்ளாடியது. 1923-ல் அதன் நிர்வாகத் தலைமையை ஏற்றார். 1929 வரை அங்கே உழைத்து அதை நிலைநிறுத்தினார்.

மைசூரில் நிலக்கரி கிடையாது. ஆகவே காட்டு மரத்தை வெட்டிக் கரியாக்கி அதில் இரும்பு உருக்கினார்கள். பல ஆண்டுகள் காடு உலைக்கு இரையாயிற்று. 1948-ல் ஜோக் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் தொடங்கியது. பிறகு பத்ராவதிக்கு மின்சார உலைகள் வந்தன. அருவி நீர் வீணாகக் கடலுக்குப் போகிறதே என்று விசுவேசுவரய்யா வெகு காலமாகக் கவலைப்பட்டவர். மரம் எரிந்த இடத்தில் நீரின் சக்தி வந்ததை அவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்தார்.

நூறு வயது

1934-ல் இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் வேண்டும் என்று ஒரு நூல் வெளியிட்டார். ஐந்தாண்டுத் திட்டங்கள் வருவதற்குப் பல ஆண்டு முன்பே எழுதிய நூல் அது. தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் கங்கைமேல் பாலம் கட்டும் இடத்தைப் பற்றி ஆலோசனை சொன்னார். 1955-ல் பாரத சர்க்கார் அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது. நூறு வயது கண்டு, 1962-ம் ஆண்டு ஏப்ரலில் பெங்களூரில் காலமானார். பிறந்த ஊரான முத்தனஹள்ளியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அவர் பிறந்த செப்டம்பர் 15-ந் தேதியை எஞ்ஜினீயர்கள் தினமாக நாடு கொண்டாடுகிறது.

கோலார் தங்க வயல் 2001-ல் மூடப்பட்டது. தங்கம் தீர்ந்தது போலத்தான்; கூண்டுகள் நின்றுவிட்டன. சிவசமுத்திரத்தில் தண்ணீர் இன்னும் விழுந்து கொண்டிருக்கிறது.

இன்று தமிழ்நாட்டில் முப்பந்தலில் காற்றாடிகள் சுற்றுகின்றன. கமுதியில் சூரிய ஒளித் தகடுகள் பரந்து கிடக்கின்றன. இவற்றுக்கும் புகை இல்லை. ஆனால் காற்று பருவத்தில்தான் வீசும். சூரியன் பகலில்தான் காயும். விளக்கோ இரவில் எரியவேண்டும். கோடையில் மெலிந்த காவிரியைப் பார்த்து விசுவேசுவரய்யா எதிர்கொண்ட அதே கேள்வி இது. மிகுந்த வேளையில் எங்கே சேர்த்து வைப்பது?

கோயமுத்தூர் மாவட்டத்தில் காடம்பாறையில் அதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். மின்சாரம் மிகுதியாக இருக்கும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைக்கிறார்கள். தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். இன்னும் பல வழிகள் தேவை. அவற்றைக் கண்டுபிடிக்கப் போகும் மாணவன் அல்லது மாணவி போளூரிலோ ஜமுனாமரத்தூரிலோ இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கலாம்.

அந்தப் பிள்ளைக்கு விசுவேசுவரய்யா விட்டுச்சென்ற பாடம் எளிது. இயற்கை கொடுப்பதை வீணாக்காதே. மிஞ்சியதைச் சேர்த்து வை. சேர்த்ததை முறைவைத்துக் கடைமடை வரை கொடு. கடைசிப் பாடத்தை அவரே ஓரிடத்தில் மறந்தார். படிக்கிற பிள்ளைகள் அதை மறக்காமல் இருந்தால் போதும்.